ஜூன் முதல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அரசுத் திட்ட வேலையில் தலைமைப் பண்பு

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி, தாமிரபரணியைக் கடந்து ஜங்ஷன் பக்கம் போகிறவர்கள் தினமும் பழைய அரசு ஊழியர் ஒருவர் எடுத்த முடிவின் மேல்தான் நடந்து போகிறார்கள். சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. பதினோரு வளைவுகள் கொண்ட பாலம். அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே போக வேண்டுமென்றால் படகுத் துறையில் காத்துக் கிடக்க வேண்டும். மக்களிடம் வசூல் செய்து பாலம் கட்டலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் அந்தச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளைகள் குறைவு. அவருடைய கொடைக்காகத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. சிரஸ்தார் என்பது கலெக்டருக்குக் கீழே கடிதமும் கணக்கும் பார்க்கிற நாற்காலி. பாலம் கட்டுவது அந்த நாற்காலியின் வேலையே கிடையாது. இன்று யாரும் அரசு வேலைக்குச் சொந்தப் பணத்தைப் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. ஆனால் "இது என் பொறுப்பு" என்று ஒருவர் முன்னால் வந்து நிற்கும்வரை அந்த ஆற்றுக்குள் ஒரு கல் இறங்கவில்லை.

பாசன வேலைகளும் சிறுபாலங்களும் பார்க்கிற பொறியாளராக இந்தப் பக்கத்தில் பல வருஷம் இருந்தவன் நான். புதிதாகத் தேர்வு எழுதி வருகிற பிள்ளைகள், "தலைமைப் பண்பு, தலைமைப் பண்பு என்று பயிற்சியில் சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன சார்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கும், திடீரென்று ஒரு கட்டடம் கட்டும் பொறுப்பு தலையில் வந்து விழுந்த தலைமையாசிரியர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

திட்டம் வேறு, தினசரி வேலை வேறு

சான்றிதழ் கொடுப்பது, வரி வாங்குவது, மனுவுக்குப் பதில் எழுதுவது, இதெல்லாம் தினமும் நடக்கிற, முடிவே இல்லாத வேலை. திட்டம் அப்படி இல்லை. அதற்குத் தொடக்க நாள் உண்டு, முடிவு நாள் உண்டு, இவ்வளவுதான் பணம் என்ற வரம்பு உண்டு. முடிந்தபின் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று நிற்க வேண்டும்: ஒரு மடை, ஒரு வகுப்பறை, ஒரு மேல்நிலைத் தொட்டி.

அது நிற்பதற்கு முன்னால் காகிதம் நடக்க வேண்டிய தூரம் ஒன்று இருக்கிறது. முதலில் மதிப்பீடு. பிறகு "இந்த வேலை தேவைதான், பணம் தருகிறோம்" என்ற நிர்வாக ஒப்புதல். "இந்த வடிவமைப்பும் கணக்கும் சரி" என்ற தொழில்நுட்ப ஒப்புதல். அப்புறம் டெண்டர், அதை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டம் சொல்கிற முறையில்தான் நடத்த முடியும். அதன்பின் ஒப்பந்தம், பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். எம்.புக் என்று எல்லாரும் சொல்வது இந்த அளவுப் புத்தகத்தைத்தான்.

தனியாரில் ஒரு வீடு கட்டுகிற மேஸ்திரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தனார் சரியில்லை என்றால் நாளைக்கே வேறு ஆளைக் கூட்டி வருவார். சிமெண்டு விலை ஏறினால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்வார். நமக்கு இரண்டும் முடியாது. நம் கீழே வேலை பார்க்கிறவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. மேலே இருக்கிறவர் அடுத்த மாதம் மாறுதலாகிப் போகலாம். பக்கத்து மேஜைக்காரர் வேறு துறை, நாம் சொன்னால் அவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை நிற்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், அந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறவர்கள் ஐம்பது பேர், பணம் ஊரார் எல்லாருடையதும்.

ஆக, கையில் அதிகாரம் கொஞ்சம், பொறுப்பு நிறைய. நம் சொல்லுக்குக் கட்டுப்படாதவர்களையும் நம் வேலைக்காக அசைய வைப்பது, அதற்குள் ஒன்று தவறிப்போனால் "நான்தான்" என்று நிற்பது. அரசுத் திட்டத்தில் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். பதவி உயர்ந்தால் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெரிய பதவியில் இருந்துகொண்டு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் கரையில் நின்ற பணி ஆய்வாளர் ஒருவர் ஒரு வேலையையே காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

காலண்டரை மாற்றிப் படிப்பது

முதலில் பழக வேண்டியது நாள் கணக்கு. நம் ஊரில் இரண்டு காலண்டர்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன.

ஒன்று அரசுக் காலண்டர். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் பணத்தைச் செலவு செய்து கணக்குக் காட்டச் சொல்வார்கள். இன்னொன்று தாமிரபரணியின் காலண்டர். பிசானம் என்கிற பின்பருவ நெல்லுக்கு விட்ட தண்ணீர் பெரும்பாலும் மார்ச் கடைசி வரை வாய்க்காலில் ஓடும். கார் என்கிற முன்பருவ நெல் சாகுபடிக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூன் முதல் தேதி. கன்னடியன் கால்வாயாகட்டும் கோடகன் கால்வாயாகட்டும், வாய்க்காலுக்குள் இறங்கி மடை கட்ட வேண்டுமென்றால் நமக்குக் கிடைப்பது ஏப்ரல், மே ஆகிய இரண்டே மாதம்.

அதாவது வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பணம் கையில் இருக்கும். வாய்க்கால் காயும்போது நிதியாண்டு முடிந்திருக்கும். இதைக் கவனிக்காதவர் பிப்ரவரியில் டெண்டர் விட்டு, மார்ச்சில் தண்ணீருக்குள் நின்று மண்மூட்டை அடுக்கி வேலை பார்ப்பார். அந்த மடை எத்தனை வருஷம் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் ஜூன் முதல் தேதியில் விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் என்று கணக்கு. அப்படியானால் கடைசிக் கான்கிரீட் மே முதல் வாரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். அதற்கு முன் பழைய கட்டுமானத்தை உடைத்து, அடித்தளம் தோண்ட ஏப்ரல். அப்படியானால் மார்ச் முடியும்போது பணி ஆணை ஒப்பந்ததாரர் கையில் இருக்க வேண்டும். டெண்டர் அறிவிப்புக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய நாட்களும் ஒப்புதல்களும் சேர்ந்தால் ஜனவரிக்குள் மதிப்பீடு மேஜைக்குப் போயிருக்க வேண்டும். வேலை ஏப்ரல், மே என்று அடுத்த நிதியாண்டில் விழுவதையும் அந்தக் கோப்பிலேயே எழுதி, பணம் திரும்பிப் போகாமல் இருக்க வழியை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். மார்ச் 30-ஆம் தேதி சாயங்காலம் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

மதிப்பீடு ஜனவரியில் என்றால் இடத்தைப் போய்ப் பார்ப்பது நவம்பர், டிசம்பரில். மழை, சகதி, தண்ணீர் ஓடுகிறதே என்று தயங்காதீர்கள். தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் அது எங்கே தேங்குகிறது, எங்கே கரையை அரிக்கிறது, எந்த வயலுக்கு எட்டவில்லை என்று தெரியும். காய்ந்த வாய்க்காலைப் பார்த்துப் போட்ட மதிப்பீட்டில் பாதி ஊகம்தான்.

கறையும் கட்டைவிரலும்

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கோடை. ஒரு வயல்பாதையின் குறுக்கே பழைய கல் மதகை எடுத்துவிட்டுக் குழாய் வைத்துச் சிறுபாலம் கட்டுகிற வேலை. சின்ன வேலைதான். மறுநாள் காலையில் கான்கிரீட். முதல்நாள் சாயங்காலம் குழாயை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவர் ஒருவர் வந்தார். வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கினார். இடிக்காமல் விட்டிருந்த பழைய கல்சுவரில் கறுப்பாக ஒரு கறை ஓடியது. கையில் இருந்த கம்பைத் தரையில் ஊன்றி, கறை இருந்த உயரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். விரலை எடுக்காமல் கம்பை அப்படியே கொண்டுவந்து எங்கள் குழாயின் வாயருகே ஊன்றினார். குழாயின் அடிவிளிம்புக்கும் அவருடைய விரலுக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருந்தது.

"சாரு, கார்த் தண்ணி இந்தக் கறை வரைக்கும்தான் வரும். இந்த நாலு விரல் தண்ணியா கடைமடைக்குப் போவும்?"

"எஸ்டிமேட்ல இந்த லெவல்தான் அண்ணாச்சி போட்டிருக்கு" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கான்கிரீட் போட்டோம்.

ஜூன் வந்தது. குழாய்க்கு மேற்கே தண்ணீர் தேங்கியது, கிழக்கே நூலாக ஒழுகியது. கடைமடையில் நாற்றங்கால் வெடிப்பு விட்டுக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மதிப்பீட்டில் மட்டம் போட்டவனும் நான்தான். பிசானத்துத் தண்ணீர் நிறைய ஓடிய நாளில் போய்ப் பார்த்து, அதையே எல்லாப் பருவத்துக்கும் அளவாக எடுத்திருந்தேன். அந்தக் கார் முடிந்து இரண்டு பருவத்துக்கும் இடையே கிடைத்த நாட்களில் உடைத்து இறக்கி வைத்தோம். பெரியவரைத் தேடிப் போய், "தப்பு என் மேலதான் அண்ணாச்சி" என்றேன். "சரி, இருக்கட்டும். அடுத்த மடைக்கு முன்கூட்டியே வாங்க, நான் வந்து காட்டுதேன்" என்றார். அதற்குப்பின் அந்தக் கால்வாயில் நான் பார்த்த எந்த வேலையிலும் அவர் மாதிரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடக்காமல் கோடு போட்டதில்லை.

கேட்பது தலைமையின் பாதி என்று சொல்வார்கள். நான் சொல்ல வருவது இன்னும் குறிப்பானது. கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வர மாட்டார். கூட்டத்துக்கு வருகிறவர் சங்கத் தலைவர், கவுன்சிலர், நன்றாகப் பேசத் தெரிந்தவர். தண்ணீர் பாய்ச்சுகிறவரும், குளத்துக்குள் மண் அள்ளுகிற நூறு நாள் வேலைப் பெண்களும், பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற அம்மாவும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அங்கே மேடைக்கு முன்னால் உட்காராமல், ஓரமாகப் போய்ப் பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நமக்குத் தேவையான பாதி விஷயம் அங்கேதான் மெதுவான குரலில் பேசப்படும்.

அடுத்த துறையின் கதவு

ஒரு வேலை தாமதமாவதற்குக் காரணம் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கை காட்டுவார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் காரணம் ஒரு மின்கம்பமாகவோ குடிநீர்க் குழாயாகவோ இருக்கும். கம்பத்தை மாற்ற மின்வாரியத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், அவர்கள் மதிப்பீடு தருவார்கள், அந்தத் தொகையை நாம் கட்ட வேண்டும், பிறகு அவர்கள் ஆள் அனுப்புவார்கள். ஒவ்வொரு படியிலும் நம் கடிதம் இன்னொருவர் மேஜையில் இருக்கும். அவருக்கு அது நூற்றில் ஒன்று.

கடிதம் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை என்று கோப்பில் குறிப்பெழுதினால் நமக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். கம்பம் நகராது. நேரில் போங்கள். அந்த உதவிப் பொறியாளரை ஒருமுறை நம் வேலை இடத்துக்கு அழைத்து வந்து, "ஏப்ரல் 10-க்குள் இது நகராவிட்டால் இந்த ஐம்பது குடும்பத்துக்குக் கார் சாகுபடி இல்லை" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் உதவி கேட்கும்போது நாமும் அதே வேகத்தில் செய்ய வேண்டும், இதில் ஒளிவுமறைவே வேண்டாம். கலெக்டர் தலைமையில் நடக்கிற கூட்டத்தில் அவர்மேல் புகார் சொல்வது கடைசி வழி. அதையும் முன்னாடியே அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நாளைக்கும் அவரோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

பெரிய திட்டத்தில் இது எப்படி வளர்கிறது என்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற தண்ணீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கால்வாய். 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. திறக்க 2025 ஆகிவிட்டது, செலவும் பல மடங்கு ஏறியது. மண் வெட்டுவது இதில் எளிய பகுதி. நிலம் எடுக்க வேண்டும், ரயில் பாதையைக் கடக்க வேண்டும், பொன்னாக்குடியில் நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறொருவரின் ஒப்புதல், வேறொருவரின் காலண்டர். பதினாறு வருஷத்தில் எத்தனை பொறியாளர்கள் வந்து போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமைக் கூலி, ஏழாம் நாள் சோதனை

ஒப்பந்ததாரரை எதிரியாகப் பார்க்கிற இளைஞர்களும் உண்டு, நண்பராகவே ஆகிப்போகிறவர்களும் உண்டு. இரண்டும் வேலைக்கு ஆகாது. அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுக்க வேண்டும். நாம் அளவெடுத்து எம்.புக்கில் பதிந்து பில் போடுவதைத் தள்ளிக்கொண்டே போனால் அவர் வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டியைச் சிமெண்டில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். அதனால் முடிந்த வேலையை அன்றைக்கே அளந்து, அன்றைக்கே பதிந்துவிடுங்கள். பில் சரியான நேரத்தில் போனால், தரத்தில் கண்டிப்பாக இருக்க நமக்கு முகம் இருக்கும்.

அந்தக் கண்டிப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எம்20 கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் கட்டியை ஏழாம் நாள் சோதித்தாலே அது போகிற போக்குத் தெரிந்துவிடும். கியூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்க, நனைத்துப் போட்ட சாக்கு காய்ந்து கிடக்கிறதா என்று மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லாரும் நனைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

வேலையை நிறுத்துகிற தைரியமும் இதில் சேரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த அந்த வெள்ளத்தை நம்மால் மறக்க முடியாது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவைத்தார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடித்துப் போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிப் பாடுபட்டார்கள், ஆனால் உயிரோடு வீடு திரும்பினார்கள். நம் அளவில் அது ஒரு மழை மேகமாக இருக்கலாம், பழுது பார்க்காத சாரமாக இருக்கலாம். ஆள் கூலி வீணாகும், மேலே திட்டு விழும் என்று தெரிந்தும் "இன்றைக்குக் கான்கிரீட் வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொருவருக்கும் வரும்.

முடியாது என்று எழுதுவது

சாலையை ஒருவர் வீட்டுப் பக்கமாக இரண்டடி தள்ளிப் போடச் சொல்வார்கள். மடையை ஒரு வயலுக்கு வசதியாக மாற்றச் சொல்வார்கள். சொல்கிறவர் செல்வாக்குள்ளவராக இருப்பார். சண்டை போடாதீர்கள். "சரிங்க, உங்க கோரிக்கையை ஒரு மனுவாக் கொடுங்க, கோப்பில் வைத்து மேலே அனுப்புகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதிக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். நியாயமான கோரிக்கையாக இருந்தால் எழுத்தில் வரும், அதை நாமே பரிந்துரைக்கலாம்.

கோப்பில் எழுதுவதைச் சடங்காக நினைக்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்துத் தணிக்கைக்கு வருகிறவர் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஊர்க்காரர் ஒருவர் கேட்டால் 30 நாளுக்குள் அதே எழுத்தைத்தான் நகல் எடுத்துக் கொடுப்போம். ஏன் இந்த இடம், ஏன் இந்த மட்டம், ஏன் இந்த மாற்றம் என்று நாலு வரி தெளிவான தமிழில் எழுதி வையுங்கள். வேலை இடத்தில் மதிப்பீட்டுத் தொகையும் முடிவு நாளும் எழுதிய பலகையை முதல் நாளே நடுங்கள். ஊருக்குத் தெரிந்த கணக்கில் கை வைக்க யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

அடுத்து வருகிறவருக்கு

இதையெல்லாம் எங்கே பழகுவது? பவானிசாகரில் தரும் அடிப்படைப் பயிற்சியில் சட்டமும் விதிகளும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள், கவனமாகக் கேளுங்கள். மற்றது சின்ன வேலையில்தான் வரும். முதல் வருஷம் பெரிய திட்டம் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். பத்து லட்சத்துக்குள் ஒரு வேலையை மதிப்பீட்டிலிருந்து கடைசி பில் வரை நீங்களே தூக்கிச் சுமந்து பாருங்கள்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அலுவலகக் கோப்பு வேறு, இது வேறு. யாரைக் கேட்டால் வாய்க்காலின் கதை தெரியும், எந்தக் கம்பத்துக்குப் பணம் கட்டியாயிற்று, எந்த வீட்டுக்காரருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று தேதி போட்டு எழுதுங்கள். மாறுதல் ஆணை வந்ததும் அதை அடுத்து வருகிறவர் கையில் கொடுத்து, ஒரு நாள் அவரோடு கரை முழுக்க நடந்துவிட்டுப் போங்கள். கொடுத்த வாக்கை ஊர் மறப்பதில்லை. பொறியாளர் மாறியதும் அந்த வாக்கும் போய்விட்டால் அடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கால்வாயை விட்டு மாறுதலாகிப் போனபோது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். கிழக்குக் கரையில் மூன்றாவது மடையின் பலகை மழையில் ஊதிக்கொள்ளும், அக்டோபருக்கு முன்னால் கழற்றிச் சீவ வேண்டும். கடைமடையில் இருக்கிற ஆச்சிக்கு வரப்பை நேராக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம், இன்னும் செய்யவில்லை. சிறுபாலத்துக்குப் பக்கத்தில் பழைய கல்சுவர் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது, கறை அதில்தான் இருக்கிறது, இடித்துவிட வேண்டாம்.